கண்ணாடி வேண்டாத முகம்

ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஆம்பூரைத் தாண்டும் சத்தம் கேட்டபோது பிரிசில்லா கடையின் பின்னறையில் விளக்கைப் போட்டாள்.

மேசைமேல் பெருமாள் மல்லாந்து கிடந்தார். அவர் முகத்தின் குறுக்கே ஒரு டியூப்லைட் எரிந்தது.

அவள் தலையை நகர்த்தினாள். டியூப்லைட்டும் நகர்ந்தது. விரலால் தொட்டாள். சில்லென்று இருந்தது.

ராத்திரி அவள் படுக்கப் போகும்போது இந்தப் படத்தில் கண்ணாடி இல்லை.

"ராஜேஷ்!"

தனியாக இருக்கும்போது அவன் ராஜேஷ். மாமியார் முன்னால் 'ஏங்க'. கோபம் வந்தால் யார் முன்னாலும் ராஜேஷ்தான்.

அவன் வாயில் பிரஷ்ஷோடு வந்து நின்றான்.

"யார் போட்டது இந்தக் கண்ணாடிய?"

"அம்மா சொன்னாங்க."

"யார் போட்டதுன்னு கேட்டேன்."

"அம்மா சொன்னாங்க. நான் போட்டேன். ரெண்டும்தான்."

சிங்காரம் கிளாஸ் ஒர்க்ஸ் ஆம்பூர் பஜாரில் எல்லோருக்கும் தெரிந்த கடை. ஜன்னல் கண்ணாடி, அலமாரிக் கண்ணாடி, சாமி படம், கல்யாண போட்டோ, இறந்தவர் படம். சிங்காரம் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்தவள் அவர் மனைவி பட்டம்மாள். மகன் ராஜேஷ் ஒரு ஷூ கம்பெனிக்கு ஜன்னல் கண்ணாடி மாற்றப் போனான். அங்கே கட்டிங் செக்‌ஷனில் இருந்த பிரிசில்லாவைப் பார்த்தான். கண்ணாடி மாற்றும் வேலை ஒரு நாளில் முடிந்தது. அவன் அந்தக் கம்பெனிக்குப் போவது மட்டும் முடியவில்லை.

கல்யாணத்துக்குப் பட்டம்மாள் சம்மதித்தாள். ஆனால் மருமகளிடம் இதுவரை ஒரு வார்த்தை நேராகப் பேசியதில்லை. எல்லாம் ராஜேஷ் வழியாகத்தான். அவன் அரக்கோணம் போயிருந்த ஒரு நாள், குழம்பில் உப்பு கம்மி என்று பிரிட்ஜிடம் சொன்னாள்.

பிரிசில்லா வேலையை விட்டுவிட்டு ரம்ப மெஷின் வாங்கினாள். அதில் பிளேடு நூல் மாதிரி மேலும் கீழும் ஓடும். மெல்லிய பலகையைத் திருப்பித் திருப்பி, முகத்தில் நிழல் விழும் இடங்களை எல்லாம் வெட்டி எடுத்துவிட வேண்டும். மிஞ்சுவதுதான் முகம். பின்னால் கறுப்புத் தோல் வைப்பாள். ஷூவுக்கு ஆகாது என்று ஒதுக்கிய ஆட்டுத் தோல். அந்தக் கறுப்பு வேறு எதிலும் வராது.

இதுவரை செய்ததெல்லாம் தெரிந்தவர்களுக்கு. போன வாரம் வந்தது முதல் வெளி ஆர்டர். பள்ளிகொண்டாவில் இறந்துபோன பெருமாளுக்கு இன்று காரியம். மண்டபத்தில் படத்திறப்பு. அவர் மகன் கௌதம் கடைக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னான். "அப்பா மாதிரி இருக்கணும்."

அன்றே பட்டம்மாளும் ஒரு வார்த்தை சொன்னாள், மகனைப் பார்த்து.

"இந்த ஒரு படம் செய்யட்டும். வாங்குனவங்க வாயத் தொறந்து ஒரு குறை சொன்னாங்கன்னா, மெஷின ஏறக்கட்டணும். ரூம்ல கண்ணாடிப் பெட்டி அடுக்கணும். கேட்டுச் சொல்லு."

கேட்க வேண்டியதில்லை. பிரிசில்லா பக்கத்தில்தான் நின்றிருந்தாள். தலையசைத்தாள்.

இப்போது பட்டம்மாள் குளித்துவிட்டு ஈரத் தலையோடு பின்னறை வாசலில் வந்து நின்றாள்.

"இன்னா விடியக்காலையில சத்தம்?"

ராஜேஷ் படத்தைக் காட்டினான்.

"வெட்டுன சந்துல எல்லாம் தூசி போய் ஒக்காரும்னு சொல்லு ராஜேசு. ஆறு மாசத்துல மூஞ்சி கரியாய்டும்."

"ஏங்க, பெயின்ட் பிரஷ்ஷால தட்டுனா தூசி போய்டும்னு அத்தைகிட்ட சொல்லுங்க."

"பல்லி முட்ட வைக்கும்னு சொல்லு."

"கண்ணாடி போட்ட படத்துக்குப் பின்னாலயும்தான் பல்லி முட்ட வைக்குதுன்னு சொல்லுங்க."

ராஜேஷ் இருவருக்கும் எதுவும் சொல்லவில்லை. அவன் வாயில் இன்னும் பிரஷ் இருந்தது.

பிரிசில்லா படத்தைத் தூக்கி நிறுத்தினாள்.

"இது போட்டோ இல்ல. கண்ணாடி போட்டா ஜெராக்ஸ் எடுத்து மாட்டுன மாதிரி இருக்கு. வெட்டுல விழற நிழல் தெரியல. நிழல் தெரியலன்னா பெருமாள் இல்ல. வெறும் பலகை. சொல்லுங்க."

"கட தொறந்த நாள்ல இருந்து கண்ணாடி இல்லாம ஒரு படம் இந்தப் படி எறங்குனதில்ல. சாமி படமும் எறங்குனதில்ல, ஆளு படமும் எறங்குனதில்ல. கண்ணாடி எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேணாம். போட்டாப் போதும்."

பட்டம்மாள் போய்விட்டாள். சாமி அறையில் மணி அடித்தது.

ராஜேஷ் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தான்.

"பிரிசி, இந்த ஒரு தடவ போட்டுக் குடுத்துடலாம். ரூமு நிக்கும். மெஷின் நிக்கும். அப்புறம் பாத்துக்கலாம்."

"போட்டுக் குடுத்தா கௌதம் பாத்துட்டு என்ன சொல்வாரு? 'பரவால்ல'ம்பாரு. அவங்க அப்பா மாதிரி இருக்குன்னு சொல்ல மாட்டாரு."

"பரவால்லன்னா குறை இல்லல்ல?"

அவளுக்கு அதுதான் குறை.

படத்தை மேசையில் சாய்த்துவைத்தாள். "கண்ணாடியோடயே வரட்டும். அங்க மாட்டிப் பாக்கலாம்."

கிளம்பும்போது ராஜேஷ் சின்னக் குறடு ஒன்றைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவள் பார்த்தாள்.

*

டாடா ஏஸில் முன்னால் இரண்டு பேர்தான் உட்காரலாம். பட்டம்மாள் மகன் பக்கத்தில் ஏறினாள். பிரிசில்லா பின்னால் சாக்கை விரித்து உட்கார்ந்து, படத்தை முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டாள்.

மாதனூர் தாண்டியது. நெடுஞ்சாலை முழுக்க லாரிகள். வழியெல்லாம் பெருமாள் முகத்தில் லாரிகள் ஓடின. ஒரு மேம்பாலம் அவர் நெற்றியில் ஏறி இறங்கியது. தாடையில் பாலாறு கொஞ்ச தூரம் மணலாக வந்தது.

அவர் கண்களை அவளால் ஒரு முறைகூடப் பார்க்க முடியவில்லை.

அந்தக் கண்களுக்குத்தான் அவள் அதிகம் கஷ்டப்பட்டாள். வாழ்நாளில் போட்டோவுக்கு நின்று சிரிக்காத மனிதர். யாரோ ஒரு கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்தில், ஓரத்தில் நின்று யாரையோ பார்த்து, மீசைக்குள் சிரித்துக்கொண்டிருந்தார். அந்த முகம். இடது புருவம் கொஞ்சம் மேலே. மீசையைத் தாங்குவது பலகையின் இரண்டு இழைகள். தீக்குச்சி கனம்கூட இல்லை. நெற்றியில் இரண்டு கோடுகள் மட்டும் வெட்டினாள். மற்றபடி நெற்றியைத் தொடவில்லை. பெருமாளுக்கு அகலமான நெற்றி.

பாலிஷ் போடவில்லை. போட்டால் நிறம் மாறும். உப்புத்தாளால் தேய்த்ததோடு விட்டுவிட்டாள்.

*

மண்டபத்தில் சாம்பாருக்குத் தாளிக்கும் வாசனை. மேடையில் சாமந்தித் தோரணம். இரண்டு பக்கமும் போக்கஸ் லைட்டு. வாசலில் பிளெக்ஸ் பேனரில் பெருமாள் பாஸ்போர்ட் போட்டோ முகத்தோடு முறைத்துக்கொண்டிருந்தார்.

கௌதம் வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை. வேட்டி பழக்கமில்லை.

"வாங்க சிஸ்டர். மேல மாட்டிடலாமா?"

மாட்டினார்கள். கௌதம் பத்தடி பின்னால் வந்து நின்று பார்த்தான். இடது பக்கம் போனான். வலது பக்கம் போனான்.

"லைட்டுதான் தெரியுது."

படத்தில் இரண்டு போக்கஸ் லைட்டும் இரண்டு நிலா மாதிரி நின்றன. அவற்றுக்குக் கீழே சமையல்காரர் ஒருவர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனார். பெருமாளின் வலது காதில் நுழைந்து இடது காதில் வெளியே வந்தார்.

"எங்கப்பா எங்க, சிஸ்டர்?" என்றான் கௌதம். கேலியாகக் கேட்கவில்லை.

"ராஜேசு, படத்தக் கொஞ்சம் முன்னால சாய்ச்சு மாட்டச் சொல்லு" என்றாள் பட்டம்மாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சாய்த்தார்கள். லைட்டுகள் போய்விட்டன. அந்த இடத்தில் முதல் வரிசை வந்தது. அரக்குப் புடவையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பெருமாளின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் பட்டம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

அவளும் பார்த்தாள். தலையில் கலைந்திருந்த முடியை அறியாமல் சரி செய்தாள். அவளுக்குள்ளிருந்த கடைக்காரி உடனே கையைக் கீழே போட்டாள்.

ராஜேஷ் மேடையில் ஏறினான். படத்தை இறக்கினான். கவிழ்த்து வைத்து, சட்டைப் பையிலிருந்து குறடை எடுத்தான்.

"ராஜேசு."

"இரும்மா."

கல்யாணத்துக்குப் பிறகு அவன் அம்மாவிடம் 'இரும்மா' என்று சொன்னது இதுதான் முதல் தடவை. ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். தோலை எடுத்தான். பலகையை எடுத்தான். கண்ணாடியை உருவி அம்மாவிடம் நீட்டினான். பலகையையும் தோலையும் திரும்ப வைத்து ஆணி அடித்தான்.

பட்டம்மாள் கண்ணாடியை வாங்கிக்கொண்டாள். முந்தானையால் ஓரத்தைப் பிடித்து வாங்கினாள். கண்ணாடிக் கடையில் கல்லாவில் இருந்தாலும் கை மறக்காது.

"அவ இஷ்டம். பின்னால என்னக் கேக்காதீங்க."

கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

பிரிசில்லா படத்தைப் பார்க்கவில்லை. மாமியாரின் முதுகைப் பார்த்தாள். நாளைக்குக் கண்ணாடிப் பெட்டிகள் வந்து இறங்கினால் மெஷினை எங்கே வைப்பது என்று நினைத்தாள். மாடியில் மழைச் சாரல் அடிக்கும்.

*

படத்தைத் திறந்துவைக்க வந்தவர் மஹபூப் பாஷா. பெருமாளும் அவரும் சேர்ந்து ஆம்பூரில் லாரி ஆபீஸ் நடத்தியவர்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தாடி. மைக்கைக் கையில் கொடுத்தார்கள். வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திரைக் கயிற்றைப் பிடித்து இழுத்தார்.

திரை விலகியது.

மண்டபத்தில் சமையல் பக்கத்துச் சத்தம்கூட நின்றதாக பிரிசில்லாவுக்குத் தோன்றியது. நிஜமாகவே நின்றிருந்தது. கரண்டியோடு ஒருவர் கதவருகே வந்து நின்றிருந்தார்.

பக்க விளக்கு வெட்டுகளுக்குள் இறங்கியது. புருவத்துக்குக் கீழே இருட்டு. மீசைக்குள் இருட்டு. அந்த இருட்டிலிருந்து பெருமாள் சிரித்தார்.

மஹபூப் பாஷா இடது பக்கம் ஓர் அடி வைத்தார். நிழலும் கொஞ்சம் நகர்ந்தது. வலது பக்கம் வந்தார். புருவம் ஏறியது.

"அரே" என்றார். "டேய் பெருமாளு. எந்தப் பக்கம் போனாலும் பாக்குறியேடா. ஆபீஸ்லதான் பேஜார் பண்ணன்னா இங்கயுமா?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தவர் அழவும் செய்தார். கௌதம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

ராஜேஷ் மனைவியின் கையைத் தேடினான். அவள் கை சில்லென்று இருந்தது.

அப்போது சந்தனக் கிண்ணமும் குங்குமமும் வைத்த தட்டு மேடைக்கு வந்தது.

கௌதம் மோதிர விரலால் சந்தனத்தை எடுத்தான். படத்தின் முன்னால் கையைக் கொண்டுபோனான். நிறுத்தினான்.

"சிஸ்டர், இத எங்க வைக்கிறது?"

பிரிசில்லாவுக்கு ஒரு கணம் கேள்வி புரியவில்லை. பிறகு புரிந்தது.

அவள் பிறந்த வீட்டில் தாத்தா படம் இருந்தது. மாலை போடுவார்கள். நினைவு நாளில் மெழுகுவத்தி ஏற்றுவார்கள். அவர் நெற்றியை யாரும் தொட்டதில்லை. நெற்றியில் பொட்டு வைப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். புகுந்த வீட்டில் தினமும் பார்க்கிறாள். கண்ணாடியை எடுக்கச் சண்டை போட்டபோது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை.

ராஜேஷைப் பார்த்தாள். அவன் கடைசி வரிசையில் இருந்த கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறந்ததிலிருந்து கண்ணாடிமேல் பொட்டைப் பார்த்தவன். கண்ணாடியை உருவும்போது பொட்டும் சேர்ந்து போகும் என்று அவனுக்கும் தோன்றவில்லை.

கண்ணாடி எதுக்குன்னு அவளுக்குத் தெரியாது. காலையில் அத்தை சொன்னது இதைத்தான்.

பெருமாளின் தங்கை முன்னால் வந்தாள். காதில் பெரிய கம்மல். அண்ணன் வீட்டில் அவள் சொல்தான் சொல்.

"மரத்துல எப்பிட்றா வைப்ப? ஊறிப் போய்டும். மூஞ்சி நல்லாத்தான் இருக்குது, இல்லன்னு சொல்லல. பொட்டு வைக்க முடியாத படத்த வூட்ல மாட்டுறதா? கண்ணாடி எங்க?"

"அத்த, விடு…" என்றான் கௌதம்.

"நீ சும்மா இரு. கண்ணாடி போட்டு எடுத்துனு வரச் சொல்லு. அப்புறம் வைக்கலாம்."

வாங்கினவர்கள் வாய் திறந்து குறை சொல்லிவிட்டார்கள்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. பட்டம்மாள் எழுந்தாள். கண்ணாடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடு வழியில் நடந்து வந்தாள். கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ராஜேஷ் குறடை வெளியே எடுத்தான்.

"அப்டி வா" என்றாள் பெருமாளின் தங்கை. "பெரியவங்க ஒருத்தர் இருந்தாத்தான் வேல நடக்கும். உன் மருமவதான செஞ்சது பட்டம்மா? சர்ச்சுக்குப் போற பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும் பொட்டப் பத்தி? ஊர்ல பொண்ணா கெடைக்கல உன் புள்ளைக்கு?"

பட்டம்மாள் நின்றாள்.

கண்ணாடியை ராஜேஷிடம் கொடுத்தாள். "புடி. கீழ வைக்காத. ஆளுங்க நடக்குற எடம்."

பிறகு திரும்பினாள்.

"உங்க வூட்டு வாசக்கால் எதுல செஞ்சது?"

"இன்னா?"

"காது கேக்கலியா? வாசக்கால். தேக்கா, வேங்கையா?"

"தேக்கு. எதுக்குக் கேக்குற?"

"வெள்ளிக்கெழமை ஆனா மஞ்ச பூசி பொட்டு வைக்கிறியே. கண்ணாடி போட்டா வைக்கிற?"

கதவருகே நின்ற சமையல்காரர் கரண்டியோடு சிரித்துவிட்டார்.

"நேரா மரத்துலதான வைக்கிற. லட்சுமி வர்ற எடத்துக்கே கண்ணாடி வேணாம். உங்க அண்ணனுக்கு வேணுமா?"

"அதில்ல பட்டம்மா, ஊறிப் போய்டும்னுதான்…"

"ஊறட்டும். கண்ணாடில வச்ச பொட்டு ஈரத் துணி பட்டா போய்டும். மரத்துல வச்சது உள்ள எறங்கி நிக்கும். கண்ணாடி வித்துச் சோறு திங்கிறவ சொல்றேன், கேட்டுக்க." மூச்சு வாங்கினாள். "என் புள்ளைக்குப் பொண்ணு கெடைச்சிதா, கெடைக்கலையான்னு அந்தப் படத்தப் பாத்தா தெரியல?"

மஹபூப் பாஷா தாடியைத் தடவிக்கொண்டார். "தங்கச்சி, ஒக்காரும்மா நீ" என்றார் பெருமாளின் தங்கையிடம், மெதுவாக.

பட்டம்மாள் மகன் பக்கம் திரும்பினாள். பழக்கம் விடவில்லை.

"ராஜேசு, எங்க அழுத்துனா ஒடையாதுன்னு கேளு."

"ஏங்க" என்றாள் பிரிசில்லா. "நெத்தியில, ரெண்டு கோட்டுக்கும் நடுவுல. அங்க நான் வெட்டவே இல்ல. பலகை முழுசா இருக்கு."

"ரெண்டு கோட்டுக்கு நடுவுல" என்றான் ராஜேஷ், கௌதமிடம். கண்ணாடியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான்.

கௌதம் சந்தனத்தை வைத்தான்.

பலகை ஈரத்தைக் குடித்தது. சந்தனம் மரத்தின் ரேகைகளில் நூலளவு ஓடி நின்றது. அதன் நடுவில் குங்குமம். விரலை எடுத்தபோது பொட்டு அங்கேயே இருந்தது. முகத்தின் மேலே மிதக்கவில்லை. முகத்தில் இருந்தது.

"கற்பூரத்தத் தள்ளிக் காட்டு" என்றாள் பட்டம்மாள். "கரி படியும்."

அதுவரை மேடைப் பக்கமே வராத பெருமாளின் மனைவி அஞ்சலா எழுந்தாள். யாரோ கையைப் பிடித்தார்கள். உதறினாள். படத்தின் முன்னால் போய் நின்றாள். நெற்றிப் பொட்டின் பக்கத்தில் விரல் வைத்தாள். விரல் இறங்கியது. மூக்கு. மீசை.

பிரிசில்லா மூச்சை நிறுத்திக்கொண்டாள். இரண்டு இழைகள்.

அஞ்சலாவின் விரல்கள் மீசையை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நீவின. முறுக்கிவிடுவதுபோல் முனையில் கொஞ்சம் நின்றன.

பலகை தாங்கியது.

"இந்த மீசதான்" என்றாள். "எண்ண வைய்யா, குத்துதுன்னு சொன்னா கேக்கவே மாட்டாரு."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். காரியத்து வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு யாரும் கேட்டதில்லை.

*

சாப்பாட்டுப் பந்தியில் பிரிசில்லாவால் சாப்பிட முடியவில்லை. ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டே இருந்தார்கள். ஆற்காட்டிலிருந்து வந்த ஒருவர் தன் அப்பா போட்டோவைச் செல்போனில் காட்டினார். ஒரு டீச்சர் உயிரோடு இருக்கிறவர்களுக்கும் செய்வீர்களா என்று கேட்டார்.

மஹபூப் பாஷா எதிரில் வந்து நின்றார்.

"நம்ம வூட்ல படம் மாட்ட மாட்டோம்மா. அதனால எனக்கு மூஞ்சி வேணாம். ஆபீஸ் பேர வெட்டித் தர்றியா? தமிழ்ல ஒன்னு, உருதுல ஒன்னு. பெருமாள் பேரும் சேந்தாப்ல."

"உருது எனக்குத் தெரியாது பாய்."

"நான் எழுதித் தர்றேன். கோடு மேலயே நீ வெட்டு. புள்ளி ஒன்னு கம்மியாவக் கூடாது. கம்மியானா அர்த்தமே வேற ஆய்டும்."

கடைசியாகப் பெருமாளின் தங்கை வந்தாள். கம்மலைத் திருகிக்கொண்டே நின்றாள்.

"எங்க வூட்டுக்காரர் படமும் ஒன்னு செய்யணும்."

"கண்ணாடி போட்டா, போடாமலா?" என்றான் ராஜேஷ். முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டுதான் கேட்டான்.

"அதான் வாசக்கால் மாதிரின்னு உங்க அம்மா சொல்லிடுச்சே" என்றாள் அவள். பாயசத்தைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

*

திரும்பும்போது பட்டம்மாள் வண்டியின் பின்பக்கம் வந்து நின்றாள்.

"கண்ணாடிய நான் புடிச்சினு வர்றேன். அவள முன்னால ஒக்காரச் சொல்லு."

"அம்மா, பின்னால ஆடும்."

"கண்ணாடி எடுத்துனு நான் ஆடாத வண்டியா?"

ஏறி, சாக்கில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். பிரிசில்லா பக்கக் கண்ணாடியில் பார்த்தாள். அத்தையின் மடியில் இருந்த வெறும் கண்ணாடியில் லாரிகள் ஓடின. பாலாறு வந்தது. வெயில் வந்து விழுந்தது. மறைக்க அதன் பின்னால் எந்த முகமும் இல்லை.

"என்ன பிரிசி, பேச மாட்ற?"

"ரூம்ல இன்னொரு மேசை போடணும்" என்றாள். "இடம் பத்தாது."

ராஜேஷ் ஹார்ன் அடித்தான். எதிரில் யாரும் இல்லை.

கடை வாசலில் இருவரையும் இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனான்.

பிரிசில்லா ஷட்டரைத் தூக்கினாள். நேராகப் பின்னறைக்குப் போனாள். மெஷின்மேல் படிந்திருந்த மரத்தூளை ஊதினாள். ரூம் ரூமாகவே இருந்தது.

வெளியே நாற்காலி இழுபடும் சத்தம். பட்டம்மாள் அதன்மேல் ஏறிக்கொண்டிருந்தாள். கல்லாவுக்கு மேல் இருந்த சிங்காரத்தின் படத்தைக் கழற்றினாள். கடை திறந்த நாளில் எடுத்த படம். வெள்ளிக்கிழமைதோறும் ஈரத் துணியால் துடைத்துப் பொட்டு வைப்பாள். துடைத்த ஈரம் எப்படியோ உள்ளே போயிருந்தது. கண்ணாடிக்குள் புகை மாதிரி பூத்திருந்தது. சிங்காரத்தின் முகத்தில் பாதி அந்தப் புகைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது.

படத்தை எடுத்துக்கொண்டு பின்னறைக்கு வந்தாள். மேசைமேல் வைத்தாள். காலையில் பெருமாள் கிடந்த இடம். கல்லாமேல் சாய்த்துவைத்திருந்த பெருமாள் படத்துக் கண்ணாடியையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள்.

வாசலைப் பார்த்தாள். ராஜேஷ் வரவில்லை. பக்கத்தில் பிரிட்ஜும் இல்லை.

முந்தானையால் சிங்காரத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். உள்ளே இருந்த புகை அப்படியே இருந்தது.

"பிரிசில்லா" என்றாள்.

அந்தப் பெயர் அவள் வாயில் புதிதாக இருந்தது. முதல் தடவை என்பதால் ஓர் எழுத்தையும் விடாமல் சொன்னாள்.

"காலம் பூரா கண்ணாடி வெட்டுன மனுஷன் இவரு. இவருக்குக் கண்ணாடி போடலாமா, வேணாமா? நீ சொல்லு."